கறண்ட் என்று எழுதிய குமிழ்

நான் செய்த முதலாவது பவர் சப்ளை ஒன்றேகால் வோல்ற்றுக்குக் கீழே இறங்க மறுத்தது. குமிழை இடது பக்கம் கடைசிவரை திருப்பிவிட்டு மல்ரிமீற்றரைப் பார்த்தேன். ஒன்று தசம் இரண்டு ஐந்து. பூச்சியம் வரவேண்டிய இடத்தில் அந்த எண் அசையாமல் நின்றது. அன்று முழுவதும் வயர்களைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினேன். வோல்ற்றைக் கட்டுப்படுத்த நான் பாவித்த மூன்று கால் றெகுலேற்றர் அதற்குக் கீழே இறங்காது என்பது அதன் தரவுத்தாளின் முதல் பக்கத்திலேயே இருந்தது. அதை மறுநாள்தான் கண்டேன். ஆங்கிலத்தில் இருந்த அந்தத் தாளை முழுவதும் வாசித்துவிட்டதாகத் தொழில்நுட்பக் கல்லூரியில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அண்ணை இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஏழாம் வகுப்பில் புத்தகத்தை வைத்துவிட்டு மேசன் வேலைக்குக் கையாளாகப் போனவர். அப்பா வேலை தேடி மன்னார்ப் பக்கம் போனால் மாதத்துக்கு ஒருமுறை வருவார். வீட்டுக்கு வரும் எந்தக் கடிதத்தையும் நான்தான் பிரிப்பேன். கிராம சேவகரின் படிவம், மருந்துப் போத்தலில் ஒட்டிய துண்டு, லைற் பில் எல்லாம் என் கைக்குத்தான் வரும். அவற்றை வாசித்துச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் மாறும். அது எனக்குத் தெரியும். அந்தக் குரல் எனக்குப் பிடித்தும் இருந்தது.

இறுதி ஆண்டுச் செயற்றிட்டமாக நான் எடுத்துக்கொண்டது, வேண்டியபடி கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு பவர் சப்ளை. சுவரில் வரும் இருநூற்று முப்பது வோல்ற்றை வாங்கி, ட்ரான்ஸ்போமரால் குறைத்து, நேரோட்டமாக்கி, குமிழைத் திருப்பும் அளவுக்கு வெளியே தரும் பெட்டி. இலத்திரனியல் வேலை செய்பவரின் மேசையில் முதலில் இருக்க வேண்டிய சாமான் அது. அதைச் சரியாகச் செய்து மதிப்பீட்டில் காட்டினால்தான் பயிற்சிக்கு இடம் கிடைக்கும். எங்கள் வகுப்பில் பெண்கள் நான்கு பேர். மற்ற மூவரும் கடையில் வாங்கிய சர்க்கிட் பலகையைப் பொருத்தினார்கள். நான் எல்லாவற்றையும் நானே வரைவேன் என்றேன்.

அண்ணை வேலையால் வந்து, காலில் சீமெந்து காய்ந்திருக்க, என் மேசையை எட்டிப் பார்ப்பார்.

"மூண்டு வருசம் படிச்சு ஒரு சார்ஜர் செய்யிறாய் என்ன? உது சுன்னாகத்திலை றோட்டுக்கரையிலை குவிச்சு வைச்சு விக்கிறாங்கள்."

"உது சார்ஜர் இல்லை அண்ணை."

"அப்ப என்ன, சார்ஜரின்ரை அக்காவே?"

முதலாவது பெட்டியில் எனக்குப் பிடிபடாமல் நின்ற இன்னொரு விஷயம் சூடு. வோல்ற்றளவைக் குறைத்தால் சூடும் குறையும் என்றுதான் நினைத்தேன். மூன்று வோல்ற்றில் ஒரு சின்ன மோட்டரை ஓடவிட்டுவிட்டு றெகுலேற்றரைத் தொட்டுப் பார்த்தேன். விரல் நுனி வெந்துபோயிற்று. பதினெட்டு வோல்ற்று உள்ளே வந்து மூன்று மட்டும் வெளியே போனால், மிச்சப் பதினைந்தும் அந்தச் சின்னத் துண்டுக்குள்தான் எரிய வேண்டும். வெளியே குறையக் குறைய உள்ளே வேகும். கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் விரல் தப்பியிருக்கும்.

பிறகு றேடியோ. அண்ணை வேலைக்குக் கொண்டுபோகும் சின்ன றேடியோவுக்கு பற்றறி முடிந்திருந்தது. என் பெட்டியில் கொழுவிப் பார் என்று தந்தார். மூன்று வோல்ற்றில் பாட்டு நன்றாகத்தான் போனது. கொஞ்சம் கூட்டுவோம் என்று குமிழைத் தொட்டேன். மலிவான குமிழ், உள்ளே தொடுகை விட்டுவிட்டது. வெளியீடு ஒரே பாய்ச்சலில் உச்சிக்குப் போனது. ஒரு சின்னப் புகை, பிறகு சத்தமில்லை. பிழை எங்கே என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்தது. ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"றேடியோ பழசு அண்ணை. எப்பிடியும் போயிருக்கும்."

அண்ணை றேடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரி, படித்தவள் சொல்கிறாள் என்பதுபோல அதை யன்னலில் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டாவது பெட்டியை அந்தப் புகையிலிருந்துதான் வரைந்தேன். குமிழின் தொடுகை விட்டுப்போனால் வெளியீடு மேலே பாயாமல் பூச்சியத்துக்கு விழ வேண்டும். அதற்கு றெசிஸ்ரர் என்கிற தடையி ஒன்றே, சரியான இடத்தில், போதும். எந்தச் சாமானும் ஒருநாள் பழுதாகும், பழுதாகும்போது எந்தப் பக்கம் விழும் என்று முதலே யோசித்து வை என்று எங்கள் விரிவுரையாளர் சொல்லியிருந்தார். கொப்பியில் எழுதியபோது அது வெறும் வசனமாக இருந்தது. றேடியோ போன பிறகுதான் விளங்கிற்று. இந்த முறை பெட்டி பூச்சியத்துக்கும் இறங்கியது. அதோடு இரண்டாவது குமிழ் ஒன்றையும் சேர்த்தேன். முதலாவது, வோல்ற்றளவு எவ்வளவு என்பதற்கு. இரண்டாவது, மின்னோட்டம் அதிகபட்சம் எவ்வளவு போகலாம் என்பதற்கு. இரண்டாவதைக் குறைத்து வைத்தால், வெளியே வயர்கள் ஒன்றோடொன்று முட்டினாலும் எதுவும் கருகாது.

பழுதான டிவிடி பிளேயர் ஒன்றின் இரும்புக் கூட்டுக்குள் எல்லாவற்றையும் அடக்கினேன். முகப்புக்கு வெள்ளைத் தாளில் பெயர்கள் எழுதி ஒட்ட வேண்டியிருந்தது. அப்போதுதான் அம்மா வந்து பக்கத்தில் குந்தினார். தோட்டத்திலிருந்து வந்த கை, நகங்களுக்குள் செம்மண்.

"எனக்கும் விளங்கிற மாதிரி எழுது பிள்ளை," என்றார்.

அம்மா எழுத்துக் கூட்டி வாசிப்பார். பாடப்புத்தகச் சொல்லான மின்னோட்டம் என்பதை எழுதினால் அவர் பாதியில் நின்றுவிடுவார். ஆகவே ஒரு குமிழின் கீழே வோல்ற் என்றும் மற்றதின் கீழே கறண்ட் என்றும் எழுதினேன். அம்மா இரண்டாவதை விரலால் தொட்டு உடனே வாசித்தார். அவருக்கு வந்த சிரிப்பை நான் என் வெற்றியாக எடுத்துக்கொண்டேன்.

ஆனால் எங்கள் ஊரில் கறண்ட் என்றால் மின்னோட்டம் மட்டுமா? கறண்ட் நின்றுவிட்டது, கறண்ட் வந்துவிட்டது, கறண்ட் அடித்துவிட்டது, கறண்டுக்குக் காசு கட்டியாயிற்றா. சுவருக்குள் ஓடுவதெல்லாம், கொல்லுவதெல்லாம் அந்த ஒரு சொல்தான். மூன்று வருடம் ஆங்கிலத்தில் படித்ததில் அந்தச் சொல் எனக்குச் சின்னதாகிப் போயிருந்தது. அம்மாவுக்கு அது அப்படியே முழுதாக இருந்தது.

இரண்டு குமிழும் என்னத்துக்கு என்று அம்மா கேட்டார். அம்மா வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குத் தண்ணீர் மாறுபவர். கிணற்றிலிருந்து மெசின் இறைக்கும் தண்ணீர் வாய்க்காலில் ஓடிவரும்போது, மண்வெட்டியால் ஒரு பாத்திக்கு மடையைத் திறப்பதும், நிரம்பியதும் மண் போட்டுக் கட்டிவிட்டு அடுத்ததைத் திறப்பதும் அந்த வேலை. நானும் அதையே உதாரணமாக எடுத்தேன். வோல்ற் என்பது தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது, கறண்ட் என்பது வாய்க்காலில் ஓடுவது என்று சொல்லிக்கொண்டே போனேன்.

"அப்ப உது மடை," என்றார் அம்மா, இரண்டாவது குமிழைக் காட்டி. "மடையைக் கட்டினால் ஓட்டம் நிண்டிடும்."

"ஓம் அம்மா. அதுதான்."

பரிசோதனைக்காகக் கொழுவியிருந்த கார் பல்ப் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. கறண்ட் என்ற குமிழைக் குறைத்துக் காட்டினேன். பல்ப் மெல்ல மங்கி நூர்ந்தது. அம்மாவைத் திருப்பச் சொன்னேன். அவர் திருப்பினார், பல்ப் எரிந்தது. திரும்பக் குறைத்தார், நூர்ந்தது. எங்கள் இருவருக்கும் அது நல்ல காலையாக இருந்தது.

மதிப்பீட்டுக்கு ஒரு கிழமை இருந்தது. முழுப் பாரத்தில் பல மணிநேரம் ஓடினாலும் பெட்டி தாங்குமா என்று பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் நம்பக்கூடிய பிளக் பொயின்ற் ஒன்றுதான். அது குசினிச் சுவரில் இருந்தது. மேசையில் பெட்டியை வைத்து, கார் பல்பைக் கொழுவி, காலையில் ஓடவிட்டேன். இரண்டு மணிநேரம் பக்கத்தில் இருந்து சூட்டைக் குறித்தேன். பிறகு திருகாணி வாங்கச் சைக்கிளில் சுன்னாகத்துக்குப் போனேன். பெட்டியை நிறுத்தாமல் போனேன். தொட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லவும் இல்லை. மழை தூறியதால் அண்ணை அன்று வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார்.

நான் திரும்பி வந்தபோது படலையில் இரண்டு பெண்கள் நின்றார்கள். அம்மா குசினி வாசலில் சுவரோடு சாய்ந்து இருந்தார். வலது கையை மடியில் வைத்திருந்தார், அது தன்னுடைய கை இல்லை என்பதுபோல. இரண்டு விரல்களின் உட்பக்கம் வெள்ளையாக வெந்திருந்தது. விழுந்ததில் உரசிய முழங்கையில் இரத்தம். மின்சாரம் கசிந்தால் தானாக விழும் வீட்டு ட்ரிப் சுவிச் விழுந்திருந்தது. அது விழுந்திருக்காவிட்டால் என்ன நடந்திருக்கும் என்பதை என் படிப்பு எனக்கு உடனே சொல்லிவிட்டது.

நடந்ததை அண்ணை சொன்னார். அம்மா அரிசி கழுவிவிட்டு, மேசையில் இடம் வேண்டுமென்று பெட்டியைத் தள்ளி வைக்கப் போயிருக்கிறார். முதலில் கறண்ட் என்ற குமிழைக் கடைசிவரை குறைத்திருக்கிறார். பல்ப் நூர்ந்தது. கறண்ட் நின்றுவிட்டது. பிறகு ஈரக் கையோடு, வெறுங்காலோடு, பெட்டியை இரண்டு கையாலும் தூக்கியிருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பைப் படமெடுத்துப் பார்த்தார்கள். பயமில்லை, ஆனாலும் ஒருநாள் இருக்கட்டும் என்று வாட்டில் மறித்தார்கள். எப்படி நடந்தது என்று டொக்டர் கேட்டபோது அம்மா என்னை முந்திக்கொண்டார்.

"என்ரை பிழை ஐயா. பிள்ளை வடிவாத்தான் செய்து வைச்சவள். எனக்குத்தான் உதுகள் விளங்கிறேல்லை. படிக்காத ஆள்தானே."

நான் போர்வையை இழுத்து அம்மாவின் காலை மூடினேன். டொக்டர் எழுதிக்கொண்டு போனார். அம்மாவின் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற அண்ணை என்னைப் பார்த்தார்.

"நீ தொட வேண்டாம் எண்டு சொல்லேல்லையே?"

"சொன்னனான்," என்றேன்.

அம்மா முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். ஒரு நொடிதான் பார்த்தார்.

"ஓம், சொன்னவள்," என்றார் அண்ணையிடம். "நான்தான் கேக்கேல்லை."

மறுநாள் காலை, அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே, பெட்டியைத் திறந்தேன். எதைக் காண்பேன் என்று எனக்குத் தெரியும். இரும்புக் கூட்டில் நான் போட்ட துளை வழியாகச் சுவர் வயர் உள்ளே வந்தது. அந்தத் துளைக்கு ஒரு றப்பர் வளையம் போட வேண்டும். போடவில்லை. தகட்டின் விளிம்பு வயரின் தோலை அரித்து, செம்பு ஒரு மயிரளவு வெளியே வந்து கூட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதுகூடப் பெரிய விஷயமாக இருந்திருக்காது. கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கொண்டுபோகும் ஏத் வயரைக் கூட்டுக்குக் கொடுத்திருந்தால், வயர் முட்டிய அந்தக் கணமே, யாரும் தொடுவதற்கு முன், ட்ரிப் விழுந்திருக்கும். பரிசோதனைக்கூடத்தில் முதல்நாள் சொல்லித்தந்தது அதைத்தான். இரும்புக் கூடென்றால் முதலில் ஏத், பிறகு மற்றது. நான் பழைய மேசைக் காற்றாடியின் இரண்டு கம்பி வயரைப் பூட்டியிருந்தேன். மூன்று கம்பி வயர் கல்லூரியில் இருந்தது. மதிப்பீட்டுக்கு முதல் மாற்றினால் போதும் என்று விட்டிருந்தேன். பார்ப்பவர்கள் பார்க்கும் நாளைக்கு மட்டும் அது சரியாக இருந்தால் போதும் என்று.

வெளியீட்டுக் குமிழின் தொடுகை விட்டால் என்ன செய்வதென்று யோசித்து யோசித்து வரைந்தவள் நான். அம்மா தூக்கும் கூட்டைப் பற்றி யோசிக்கவில்லை.

அம்மா வீட்டுக்கு வந்தார். பார்க்க வந்தவர்கள் எல்லோருக்கும் அதே கதையைச் சொன்னார். பக்கத்து வீட்டு மாமி, படித்த பிள்ளையின்ரை சாமானுக்கை உனக்கென்ன வேலை என்று பகிடி பண்ணினார். அம்மாவும் சேர்ந்து சிரித்தார். நான் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன்.

சிரிப்புக்குப் பிறகு நடந்தவை பார்க்க வந்தவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அம்மா சுவிச் தொடுவதை விட்டுவிட்டார். குசினி லைற்றைப் போடவும் நூர்க்கவும் மர அகப்பைக் காம்பை எடுத்தார். தோட்டத்தில் இத்தனை வருடமாக மெசினின் சுவிச்சை அமத்தித் தண்ணீரைத் தொடக்கி வைத்தவர், இப்போது வேறு யாராவது வரும்வரை வரம்பில் நிற்கிறார் என்று அண்ணை சொன்னார். தோட்டக்காரர் இரண்டு நாள் பொறுத்தாராம். மூன்றாம் நாள், பயமென்றால் வேறு ஆளைப் பிடிக்கட்டோ என்று கேட்டாராம். நான் குனிந்தபடி வயர் ஒட்டும் ஈயப் பற்றாசை உருக்கிக்கொண்டிருந்தேன். மூன்று கம்பி வயர், றப்பர் வளையம், கூட்டோடு இறுக்கிய பச்சை ஏத் வயர். எல்லாம் சரியாகிவிட்டது, பெட்டியில்.

மதிப்பீட்டு அறிக்கையில் கண்ட பிழைகளும் திருத்தங்களும் என்று ஒரு பகுதி உண்டு. அதில் எல்லாவற்றையும் எழுதினேன். ஏத் இல்லாமல் ஓடவிட்டதை, நிறுத்தாமல் போனதை, எச்சரிக்காமல் விட்டதை, வீட்டு ஆளொருவர் காயப்பட்டதை. ஒரு வரிகூட மறைக்கவில்லை. எழுதி முடித்தபோது நெஞ்சு கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது.

விரிவுரையாளர் பெட்டியைப் பரிசோதித்தார். வோல்ற்றளவு ஏறி இறங்கியது, வயர்களை முட்டவிட்டபோது மின்னோட்டம் குறித்த அளவோடு நின்றது. பிறகு அறிக்கையைப் புரட்டி அந்தப் பகுதியில் அதிக நேரம் நின்றார்.

"இதுதான் உம்மடை அறிக்கையிலை திறமான பகுதி," என்றார். "ஒருத்தரும் உப்பிடி எழுதுறேல்லை. ஆருக்குக் காயம்?"

"அம்மாவுக்கு, சேர்."

"இப்ப என்ன சொல்லுறா?"

சுகமாக இருக்கிறா என்றேன். அவர் அந்தப் பகுதிக்கு முழுப் புள்ளி போட்டார். கறண்ட் என்று தமிழில் எழுதி ஒட்டியதை மாற்றச் சொன்னார்.

பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தேன். உடுவில் ஊரைத் தாண்டும்வரை அந்த முழுப் புள்ளியையே நினைத்துக்கொண்டு வந்தேன். உண்மையைச் சொன்னவளுக்குக் கிடைத்த புள்ளி. ஆனால் சொன்னது ஆங்கிலத்தில். அதை வாசிக்க முடியாத இரண்டு பேருக்குத்தான் நான் சொல்லவேண்டியிருந்தது. அவர்கள் வாசிக்கமாட்டார்கள் என்று தெரிந்துதான் அவ்வளவு துணிவாக எழுதியிருக்கிறேன்.

அம்மா முற்றத்தில் வெங்காயத்தைப் பரப்பிக் காயவிட்டுக்கொண்டிருந்தார். கட்டுப்போட்ட விரல்களை நீட்டியபடி இடது கையால் வேலை செய்தார். பெட்டியை அவருக்கு முன்னால் வைத்து, எங்கும் கொழுவவில்லை என்று பிளக்கைக் கையில் காட்டிவிட்டு, மூடியைக் கழற்றினேன். பழைய வயரை நான் எறியாமல் வைத்திருந்தேன். தோல் உரிந்த இடத்தைக் காட்டினேன்.

"இது என்ரை பிழை அம்மா. நீங்கள் குமிழைத் திருப்பினது பிழையில்லை. நான் காட்டித் தந்த மாதிரித்தான் செய்தனீங்கள். கறண்ட் எண்டு நான் எழுதினது, வெளியிலை போறதை மட்டும்தான் நிப்பாட்டும். சுவரிலையிருந்து வாறது பெட்டிக்குள்ளை நிண்டுகொண்டுதான் இருக்கும்."

அம்மா வயரைக் கையில் வாங்கவில்லை. குனிந்து பார்த்தார். பிறகு தன் மண்வெட்டி சாத்தியிருந்த பக்கம் பார்த்தார்.

"மெசினை நிப்பாட்டாமல் மடையைக் கட்டினால், தண்ணி வேறை பக்கத்தாலை உடைச்சுக்கொண்டு வரும்," என்றார். "உது எனக்குத் தெரியாதே? இவ்வளவு காலமாய்த் தண்ணி மாறுறன். மெசின் ஓடிக்கொண்டுதான் நிக்குது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் விளங்கியிருக்கும்."

அவர் ஒரு வெங்காயத்தை எடுத்துக் காய்ந்த தோலை உரித்துவிட்டு வைத்தார்.

"அப்ப அண்டைக்கு ஏன் 'சொன்னனான்' எண்டு சொன்னனீ?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அண்ணைக்கு முன்னால், வாட்டில் இருந்த எல்லோருக்கும் முன்னால், நான் தெரியாதவளாக நிற்க விரும்பவில்லை. அதற்காக உங்களை அப்படி நிற்கவைத்தேன். ஆனால் அதைச் சொல்லாமல் கழற்றிய மூடியைத் திரும்பப் பூட்டினேன். அம்மா திரும்ப வெங்காயத்தைப் பார்த்தார்.

"அண்ணைக்கு நீயே சொல்லு. நான் உனக்காக இன்னொருக்காச் சொல்ல ஏலாது."

பின்னேரம் அண்ணை வந்து கிணற்றடியில் கால் கழுவும்போது சொன்னேன். தொட வேண்டாம் என்று நான் அம்மாவுக்குச் சொல்லவே இல்லை என்றேன். ஏத் வயர் பற்றியும் சொன்னேன். அவர் வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். பெரிதாக ஏசுவார் என்று நின்றேன்.

"அப்ப றேடியோவும்?" என்றார்.

"ஓம் அண்ணை. றேடியோவும்."

தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குள் போனார். அன்றைக்குப் பிறகு அவர் என் மேசையை எட்டிப் பார்த்துப் பகிடி விடுவதில்லை. அந்தப் பகிடி எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது இப்போதுதான் தெரிகிறது.

கறண்ட் என்ற தாளைச் சுரண்டி எடுத்துவிட்டேன். பின்பக்கம் இருந்த மெயின் சுவிச்சை முகப்புக்குக் கொண்டுவந்து, அதற்குக் கீழே மெசின் என்று எழுதினேன். இரண்டாவது குமிழின் கீழே மடை. பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது, அங்கே அதைக் கொண்டுபோனால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அம்மா தோட்டத்து மெசினைத் திரும்பவும் தானே தொடக்கி வைக்கிறார். சேலைத் தலைப்பில் கையை இரண்டுதரம் துடைத்துவிட்டு அமத்துகிறாராம். என் பெட்டிக்கு முன்னால் ஒருநாள் வந்து நின்று, புதிதாக எழுதிய இரண்டு சொற்களையும் எழுத்துக் கூட்டி வாசித்தார். நிறுத்திக் காட்டுங்கோ என்று கேட்டேன். சரியான சுவிச்சைத்தான் விரலால் சுட்டினார். பிறகு அதை அமத்தக் குசினிக்குப் போய் அகப்பையை எடுத்துக்கொண்டு வந்தார்.